மூக்கு அறுவைக்குப் பிறகு: எது ஆறும், எது காத்திருக்காது

மூக்கில் செய்யப்படும் அறுவை சிகிச்சைகளில் பெரும்பாலானவை நான்கு வகைக்குள் அடங்கும். வளைந்திருக்கும் நடுச்சுவரை நேராக்கும் செப்டோபிளாஸ்டி ஒன்று. சைனஸ் அறைகளின் வாயில்களை எண்டோஸ்கோப் வழியாகப் பார்த்துத் திறந்துவிடுவது இன்னொன்று. மூக்கின் பக்கச் சுவரில் இருக்கும் டர்பினேட் என்னும் சதை மடிப்புகள் வீங்கி அடைத்துக்கொண்டால் அவற்றைச் சுருக்குவது மூன்றாவது. மூக்கின் வெளி வடிவத்தைத் திருத்தும் ரைனோபிளாஸ்டி நான்காவது. ஒரே ஆளுக்கு இவற்றில் இரண்டோ மூன்றோ ஒரே நேரத்தில் செய்யப்படுவதும் உண்டு. நான்குமே மருத்துவர்கள் நன்கு கைவரப்பெற்ற சிகிச்சைகள். பெரும்பாலானோர் அன்றோ மறுநாளோ வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஆகவே, அதன்பின் ஏதாவது எதிர்பாராமல் நேர்ந்தால் அதை முதலில் பார்ப்பவர் மருத்துவர் அல்ல, நோயாளியும் வீட்டில் இருப்பவர்களும்தான். எதற்குப் பொறுத்திருக்கலாம், எதற்கு அந்த நிமிடமே கிளம்ப வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது தரப்படும் அச்சடித்த தாளில் இதெல்லாம் இருக்கலாம். வீடு திரும்பும் அவசரத்தில் அதை யாரும் படிப்பதில்லை.

மூக்கின் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால், வரக்கூடிய சிக்கல்களின் காரணமும் விளங்கும். தலைக்கு ரத்தம் கொண்டுபோகும் உட்கழுத்துத் தமனி, வெளிக்கழுத்துத் தமனி இரண்டின் கிளைகளும் மூக்குக்குள் வந்து சேர்கின்றன. நடுச்சுவரின் முன்பகுதியில் அவை ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. அந்த இடத்துக்குக் கீசல்பாக் பின்னல் என்று பெயர். நகம் பட்டாலே மூக்கில் ரத்தம் வருவது இதனால்தான். மூக்கின் கூரை சல்லடை போல் துளையிட்ட மெல்லிய எலும்பு. முகர்வு நரம்பின் இழைகள் அந்தத் துளைகள் வழியே இறங்குகின்றன. அதற்கு மேலே மூளை. பக்கவாட்டில், சைனஸ் அறைகளுக்கும் கண்குழிக்கும் நடுவே இருக்கும் எலும்பு காகிதத்தின் கனம்தான். நடுச்சுவரின் முன்பாதி குருத்தெலும்பால் ஆனது. அந்தக் குருத்தெலும்புக்குச் சொந்தமாக ரத்தக் குழாய் கிடையாது. இருபுறமும் ஒட்டியிருக்கும் சவ்விலிருந்து கசிந்து வருவதைக் கொண்டே அது உயிர் வாழ்கிறது. ரத்தப்போக்கு, மூளை நீர்க் கசிவு, கண் பாதிப்பு, மூக்கு உள்வாங்குதல் ஆகிய நான்கு பெரிய சிக்கல்களும் இந்த அமைப்பிலிருந்தே வருகின்றன.

ரத்தம்

அறுவை முடிந்த முதல் நாளில் மூக்கிலிருந்து ரத்தம் கலந்த நீர் சொட்டுவது இயல்பு. மூக்கின் கீழ் கட்டியிருக்கும் பஞ்சை ஒரு நாளில் பலமுறை மாற்ற நேரிடும். சொட்டுவதற்கும் ஓடுவதற்கும் வேறுபாடு உண்டு. பஞ்சு வைத்தவுடன் நனைந்துபோவது, கட்டிகட்டியாக வருவது, தொண்டையின் பின்பக்கமாக இடைவிடாமல் இறங்குவது ஆகியவை இயல்பைத் தாண்டியவை. குழந்தை தூக்கத்தில் அடிக்கடி எதையோ விழுங்கிக்கொண்டே இருந்தால், ரத்தம் உள்பக்கமாக இறங்குகிறதா என்று விளக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். விழுங்கிய ரத்தம் வயிற்றைப் புரட்டி, கரும்பழுப்பு வாந்தியாக வரும். மறுநாள் மலம் கறுப்பாகப் போகலாம். இவை இரண்டும் வீட்டில் உள்ளவர்களைப் பதறவைக்கும். புதிதாக ரத்தம் வராமலிருந்தால் இவற்றால் மட்டும் ஆபத்து இல்லை.

ரத்தம் ஓடத் தொடங்கினால் நிமிர்ந்து உட்கார்ந்து, தலையைச் சற்று முன்பக்கம் சாய்க்க வேண்டும். நம் வீடுகளில் உடனே தலையை அண்ணாந்து பிடிக்கச் சொல்வார்கள், அல்லது படுக்க வைப்பார்கள். இரண்டுமே தவறு; ரத்தம் தொண்டைக்குள் போய் மூச்சுக்குழாயில் இறங்கும். வாயில் வருவதைத் துப்பிவிட வேண்டும். நடுச்சுவர் அல்லது சைனஸ் அறுவை மட்டும் ஆனவர்கள், மூக்கின் கீழ்ப்பாதியில் இருக்கும் மெத்தென்ற பகுதியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் சேர்த்துப் பிடித்து, பத்து முதல் பதினைந்து நிமிடம் விடாமல் அழுத்தலாம். நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்துப் பார்க்கக் கூடாது. ரைனோபிளாஸ்டி ஆனவர்கள் மூக்கை அழுத்தக் கூடாது. எலும்பும் குருத்தெலும்பும் இன்னும் இறுகாமல் இருக்கும். அவர்களுக்கு ரத்தக் குழாயைச் சுருக்கும் சொட்டு மருந்தை மருத்துவர் முன்கூட்டியே எழுதித் தந்திருந்தால், அதை அவர் சொன்ன அளவில் போடலாம். கால் மணி நேரத்தில் அடங்காத ரத்தத்துக்கு வீட்டில் வைத்தியம் இல்லை. 108-ஐ அழைக்க வேண்டும், அல்லது நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் இன்னொரு கண்டம் உண்டு. உள்ளே காய்ந்த பொருக்கு உதிரும்போதோ, புண்ணில் கிருமித் தொற்று ஏற்படும்போதோ திரும்பவும் ரத்தம் வரலாம். எல்லாம் சரியாகிவிட்டது என்று தண்ணீர்க் குடம் தூக்கவும், குனிந்து கோலம் போடவும், உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகவும் தொடங்குகிற நாட்கள் அவை. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை ஒரு வேளைகூடத் தவறவிடக் கூடாது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்து, ஆஸ்பிரின் போன்ற ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மருந்து எடுப்பவர்கள் அதை எப்போது நிறுத்துவது, எப்போது திரும்பத் தொடங்குவது என்பதை அறுவை மருத்துவரும் இதய மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். தானாக நிறுத்தினால் மாரடைப்பில் முடியலாம், தானாகத் தொடங்கினால் மூக்கில் ரத்தம் கொட்டலாம்.

மூக்கை அடைத்த பஞ்சும் அதன் பின்னும்

மூக்குக்குள் ரத்தத்தை நிறுத்துவதற்காகப் பஞ்சு போன்ற பேக்கிங் வைக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. நடுச்சுவரின் இரு சவ்வுகளையும் சேர்த்துத் தைத்துவிட்டு, பேக்கிங் இல்லாமலே அனுப்பும் மருத்துவர்களும் இப்போது ஏராளம். பேக்கிங் வைத்தால் பெரும்பாலும் 24 முதல் 48 மணி நேரத்தில் எடுத்துவிடுவார்கள். அதுவரை நோயாளி படும் அவதி கொஞ்சநஞ்சமல்ல. தலை கனக்கும், வாயால் மூச்சு விட்டு நாக்கு வறண்டு ஒட்டிக்கொள்ளும், எச்சில் விழுங்கும்போது காது அடைக்கும், கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருக்கும். கண்ணீர் வடியும் குழாய் மூக்கில்தான் திறக்கிறது என்பதால் கடைசியாகச் சொன்னது நடக்கிறது. இந்த அவதி எதுவும் சிக்கல் அல்ல. பேக்கிங்கை எடுக்கும்போது சிலருக்குக் கண் இருட்டி மயக்கம் வரும். வெறும் வயிற்றோடு போகாமல், சாய்ந்து படுத்தபடி எடுத்துக்கொள்வது நல்லது. தானாக இழுத்து எடுக்கக் கூடாது. பேக்கிங் பின்பக்கம் நழுவித் தொண்டையில் குமட்டினால் உடனே சொல்ல வேண்டும்.

பேக்கிங் உள்ளே இருக்கும் நாட்களிலோ, எடுத்த பிறகோ மிக அரிதாக நேரும் ஒரு சிக்கலைத் தெரிந்து வைத்திருப்பது உயிரைக் காக்கும். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி சுரக்கும் நச்சு ரத்தத்தில் கலந்து, திடீரென 39 டிகிரி செல்சியஸை எட்டும் காய்ச்சல், வெயிலில் கருகியது போன்ற சிவந்த தடிப்பு, வாந்தி, பேதி, தலைசுற்றல் என வரிசையாக வரும். ரத்த அழுத்தம் சரிந்துவிடும். வயிற்றுக் கோளாறு என்று எண்ணி மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டு ஒரு இரவைக் கடத்தினால் நிலைமை கைமீறும்.

நடுச்சுவர் அறுவை ஆனவர்களிடம் கவனிக்கப்படாமல் போகும் சிக்கல், சவ்வுக்கும் குருத்தெலும்புக்கும் இடையில் ரத்தம் தேங்குவது. முதல் இரண்டு மூன்று நாட்களில் மூக்கடைப்பு குறையாமல் இருக்கும், அல்லது இரு பக்கமும் முழுதாக அடைத்துக்கொள்ளும். வலி நாளுக்கு நாள் கூடும். உள்ளே விளக்கடித்துப் பார்த்தால் நடுச்சுவர் இருபுறமும் சிவந்து புடைத்திருக்கும். வீக்கம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நோயாளியும் சுற்றியிருப்பவர்களும் சமாதானம் செய்துகொள்வதே இதில் பெரிய இடர். சவ்விலிருந்து பிரிந்த குருத்தெலும்புக்கு உணவு போவதில்லை. சில நாட்களிலேயே அது அழியத் தொடங்கும். தேங்கிய ரத்தம் சீழாகிவிட்டால் இன்னும் வேகமாக அழியும். பிறகு மூக்கின் முதுகு குதிரைச் சேணம் போல உள்வாங்கிவிடும். மூக்கின் ரத்தக் குழாய்களுக்கு மூளையின் அடிப்பகுதியோடு தொடர்பு இருப்பதால், சீழ் அங்கே பரவும் அபாயமும் உண்டு. ஆரம்பத்திலேயே போனால், சிறு கீறலிட்டு ரத்தத்தை வடித்து, மறுபடி தேங்காமல் இறுக்கி வைப்பதோடு முடிந்துவிடும். ஆகவே வலியின் அளவைவிட அது போகும் திசையைக் கவனிப்பதே சரி. மூக்கு அறுவையின் வலி மூன்றாம் நாள் முதலாம் நாளைவிடக் குறைந்திருக்க வேண்டும். கூடியிருந்தால் காட்ட வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஃப்ரீர், ஜெர்மனியில் கிலியன் என்ற மருத்துவர்கள் பரப்பிய நடுச்சுவர் அறுவை முறையில், வளைந்த குருத்தெலும்பின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிடுவார்கள். மூச்சு சீராகும், ஆனால் சிலருக்குக் காலப்போக்கில் மூக்கு உள்வாங்கும், அல்லது நடுச்சுவரில் ஓட்டை விழும். அந்தச் சிக்கல்களிலிருந்து கற்றுக்கொண்டே, தேவையானதை மட்டும் எடுத்து மீதியைத் திருத்தி வைக்கும் இன்றைய முறை உருவானது. முதுகுப்புறத்திலும் முன்புறத்திலும் குறைந்தது ஒரு சென்டிமீட்டர் அகலக் குருத்தெலும்பைத் தாங்குதூணாக விட்டுவைப்பது இப்போது பொது விதி.

தெளிந்த நீரும் கண்ணும்

சைனஸ் அறுவைக்குப் பிறகு மூக்கிலிருந்து வருவதெல்லாம் சளி அல்ல. ஒரு பக்க மூக்கிலிருந்து மட்டும் தண்ணீர் போலத் தெளிவாக, குனியும்போது குழாயைத் திறந்தது போலச் சொட்டினால், தொண்டையில் உப்புச் சுவை தெரிந்தால், கூடவே தலைவலி இருந்தால், அது மூளையைச் சூழ்ந்திருக்கும் நீராக இருக்கலாம். கூரை எலும்பில் சிறு விரிசல் விழுந்தாலே அந்த நீர் கசியும். சளி காய்ந்தால் துணி மொரமொரப்பாகும், இந்த நீர் அப்படி ஆகாது என்று ஒரு பழைய சோதனை உண்டு. அதை நம்பி முடிவெடுக்கக் கூடாது. சுத்தமான சிறு பாட்டிலில் அந்த நீரைப் பிடித்துக்கொண்டு போனால், பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் இருக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்ப்பார்கள். சாதாரணச் சளியிலும் கண்ணீரிலும் அந்தப் புரதம் இருப்பதில்லை.

கசிவு சிறியதாக இருந்தால் தலையை உயர்த்திப் படுத்து, முக்காமல், இருமாமல், மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொண்டு சில நாள் ஓய்வெடுப்பதிலேயே அடைபடக்கூடும். அடைபடாவிட்டால் மூக்கின் வழியாகவே எண்டோஸ்கோப்பை விட்டு, நோயாளியின் உடலிலிருந்தே எடுத்த திசுவால் ஒட்டுப் போடுவார்கள். இதன் வெற்றி விகிதம் 90 சதவீதத்துக்கு மேல். மண்டையைத் திறக்க வேண்டியிருக்குமோ என்ற பயத்தில் சொல்லாமல் இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சொல்லாமல் விடுவதன் ஆபத்துதான் பெரிது: மூக்கிலிருக்கும் கிருமி அதே விரிசல் வழியே ஏறி மூளைக்காய்ச்சலை உண்டாக்கலாம். காய்ச்சலோடு கழுத்து விறைப்பதும், வெளிச்சத்தைப் பார்க்கக் கண் கூசுவதும், குழம்பிப் பேசுவதும் அதன் அடையாளங்கள்.

கண்ணைப் பொறுத்தவரை நேரம் இன்னும் குறைவு. ரைனோபிளாஸ்டியில் எலும்பைத் திருத்தியவர்களுக்குக் கண்ணைச் சுற்றிக் கறுத்து வீங்குவது வழக்கம். முதல் இரண்டு மூன்று நாள் கூடி, பத்துப் பதினைந்து நாளில் மஞ்சளாகி மறையும். இமை வீங்கியிருந்தாலும் விரித்துப் பார்த்தால் பார்வை தெளிவாக இருக்கும். சைனஸ் அறுவைக்குப் பின் முதல் சில மணி நேரத்தில் ஒரு கண் மட்டும் வெளியே தள்ளிக்கொண்டு வந்து, கல் போல இறுகி வலித்து, பார்வை மங்கினால் அது வேறு கதை. கண்குழிக்குள் ரத்தம் தேங்கி, பார்வை நரம்பை அழுத்துகிறது. ரத்த ஓட்டம் தடைப்பட்ட விழித்திரை சுமார் ஒன்றரை மணி நேரம்தான் தாங்கும் என்பது கண் மருத்துவம் வைத்திருக்கும் கணக்கு. கண்ணின் ஓரத்தில் சிறு வெட்டுப் போட்டு அழுத்தத்தை இறக்கும் சிகிச்சையை அதற்குள் செய்தால் பார்வையைக் காப்பாற்ற வழியுண்டு. நர்ஸ் அடுத்த சுற்றுக்கு வரட்டும் என்றுகூடக் காத்திருக்கக் கூடாது. பொருள்கள் இரண்டாகத் தெரிந்தாலும் உடனே சொல்ல வேண்டும்.

மூக்கைச் சிந்தக் கூடாது என்று மருத்துவர்கள் அழுத்திச் சொல்வது ரத்தத்துக்காக மட்டும் அல்ல. சிந்தும்போது உண்டாகும் காற்றழுத்தம் மெல்லிய எலும்பின் விரிசல் வழியே கண்ணைச் சுற்றியுள்ள திசுக்களில் காற்றை ஏற்றிவிடும். தொட்டால் நறநறவென்று இருக்கும் அந்த வீக்கம் பெரும்பாலும் தானாக வடியும் என்றாலும், பார்வையைச் சோதித்தாக வேண்டும். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். மூக்கைப் பொத்தி அடக்கக் கூடாது.

வீட்டில் செய்வதும் செய்யக் கூடாததும்

உள்ளே சேரும் பொருக்கை இளக்குவதற்கு உப்புநீரால் கழுவுவதே முதன்மையான வழி. எந்த நாளில் தொடங்குவது என்பது அறுவையைப் பொறுத்தது. அதை மருத்துவர் சொல்வார். தண்ணீரைப் பற்றித்தான் நம்மவர்களிடம் கவனம் குறைவு. குழாய்த் தண்ணீரையோ கிணற்றுத் தண்ணீரையோ அப்படியே மூக்கில் விடக் கூடாது. 2011-இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், குழாய்த் தண்ணீரால் மூக்கைக் கழுவிய இருவர் நெக்லீரியா என்ற அமீபா மூளைக்கு ஏறி இறந்தார்கள். அந்தத் தண்ணீரைக் குடிப்பதால் ஒன்றும் ஆவதில்லை. மூக்கின் கூரை வழியே ஏறுவதுதான் கொல்கிறது. தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க வைத்து ஆறவைத்த தண்ணீர் போதும். கழுவும் பாட்டிலையும் அவ்வப்போது கொதிநீரில் அலசிக் காயவைக்க வேண்டும்.

சளிக்கு நாம் செய்து பழகிய பல வைத்தியங்கள் இந்த நேரத்தில் ஆகாதவை. ஆவி பிடித்தால் ரத்தக் குழாய்கள் விரியும். முதல் ஓரிரு வாரங்களில் அது ரத்தத்தை வரவழைக்கும். மூக்கில் நல்லெண்ணெயோ நெய்யோ விட்டால், அது மெல்ல நுரையீரலுக்குள் இறங்கி ஒரு வகை நிமோனியாவை உண்டாக்கக்கூடும். கபாலபாதி போன்ற மூச்சுப் பயிற்சிகளைச் சில வாரங்களுக்கு நிறுத்த வேண்டும். விழுந்து கும்பிடுவதும், தொழுகையில் நெற்றியைத் தரையில் வைப்பதும் தலைக்கு ரத்தத்தை ஏற்றும் என்பதால், அந்த நாட்களில் உட்கார்ந்தபடி செய்யலாம். ரைனோபிளாஸ்டி ஆனவர்கள் கனமான கண்ணாடியை மூக்கின் மேல் நேரடியாக நான்கு முதல் ஆறு வாரம் வைக்கக் கூடாது. மூக்கைத் தொட்டு அழுத்தும் ஹெல்மெட்டுக்கும் இது பொருந்தும். ஹெல்மெட் இல்லாமல் வண்டி ஓட்டலாம் என்று இதற்குப் பொருளில்லை. அதுவரை வண்டி ஓட்டாமல் இருப்பதே வழி. புகை பிடிப்பது காயம் ஆறுவதை நேரடியாகக் கெடுக்கிறது.

வாரங்கள், மாதங்கள்

முதல் கட்டம் கடந்தபின் வருபவை அவசரமற்றவை. ஆனால் மனத்தை அரிப்பவை. மேல்வரிசை முன்பற்களும் அவற்றின் பின்னால் அண்ணமும் மரத்துப் போவது நடுச்சுவர் அறுவைக்குப் பின் சிலருக்கு நேரும். மூக்கின் அடித்தளம் வழியாக அங்கே போகும் நரம்பு உரசப்படுவதே காரணம். சில மாதங்களில் உணர்வு திரும்பிவிடும். பல்லில் கோளாறு என்று நினைத்து வேர் சிகிச்சை செய்துகொள்ளத் தேவையில்லை. நடுச்சுவரும் பக்கவாட்டுச் சதையும் புண்ணோடு புண் சேர்ந்து ஒட்டிக்கொள்வதும் உண்டு. மறுபரிசோதனைக்கு ஒழுங்காகப் போனால், வெளிநோயாளிப் பிரிவிலேயே அதைப் பிரித்துவிடுவார்கள். வலி இல்லையே என்று அந்த வருகைகளைத் தவிர்ப்பவர்களுக்கே மூக்கடைப்பு பழையபடி திரும்புகிறது.

மூச்சு விடும்போது சீழ்க்கை போன்ற ஒலி வந்தால் நடுச்சுவரில் சிறு ஓட்டை விழுந்திருக்கலாம். பெரிய ஓட்டை ஒலி தராது. பொருக்கும் ரத்தக் கசிவுமாகத் தொல்லை தரும். தொல்லை இல்லாத ஓட்டையை அப்படியே விட்டுவிடலாம். ஈரப்படுத்தும் களிம்பில் அடங்காவிட்டால் சிலிக்கோன் பொத்தானால் மூடலாம், அல்லது பக்கத்துச் சவ்வைத் திருப்பித் தைக்கலாம்.

வாசனை தெரியாமல் போவது வீக்கத்தாலும் பொருக்காலும் என்றால் சில வாரங்களில் சரியாகும். அதற்கு மேலும் நீடித்தால் முகர்வுப் பயிற்சி உதவும். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹும்மல் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 2009-இல் வெளியிட்ட முறை இது: ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு ஆகிய நான்கு வாசனைகளைக் காலையும் மாலையும் ஒவ்வொன்றாகச் சில நொடிகள், அந்த மணத்தை நினைவுபடுத்தியபடி முகர வேண்டும். குறைந்தது பன்னிரண்டு வாரம் தொடர வேண்டும். நான்குமே நம் ஊர்க் கடைகளில் கிடைப்பவை. வாசனை திரும்பும்வரை சமையல் எரிவாயுக் கசிவு அவர்களுக்குத் தெரியாது என்பதை வீட்டில் எல்லோரும் நினைவில் வைக்க வேண்டும். சிலிண்டர் வால்வை மூடுவதையும், பால், குழம்பு கெட்டுப்போனதா என்று பார்ப்பதையும் வேறு ஒருவர் பொறுப்பில் விடலாம்.

இந்தப் பட்டியலில் மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது, வெறுமை மூக்கு நோய் என்று சொல்லத்தக்க நிலை. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் யூஜின் கெர்னும் மோனிகா ஸ்டென்க்விஸ்டும் 1994-இல் இதற்கு இந்தப் பெயரை வைத்தார்கள். டர்பினேட்கள் அளவுக்கு மீறி அகற்றப்பட்ட சிலரின் ஸ்கேனில் மூக்கு வெறும் குகையாகத் தெரிந்தது. அவர்களோ மூச்சே விட முடியவில்லை என்றார்கள். கேட்பவருக்கு முரணாகத் தோன்றும் இந்தப் புகாருக்கு உடலியல் காரணம் இருக்கிறது. காற்று உள்ளே போவதை நாம் உணர்வது அது எவ்வளவு போகிறது என்பதால் மட்டும் அல்ல, உட்சவ்வில் அது ஏற்படுத்தும் குளிர்ச்சியால். அந்தக் குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகள் டிஆர்பிஎம்8 என்ற உணர்வியால் வேலை செய்கின்றன. மென்தால் முகர்ந்தால் மூக்கு திறந்தது போல இருப்பதும் இந்த உணர்வியால்தான். உண்மையில் வழி ஒரு இழைகூட அகலமாவதில்லை. டர்பினேட் போனால் உணரும் பரப்பும் போகிறது, காற்றை ஈரமாக்கும் பரப்பும் போகிறது. மூச்சு தாராளமாகப் போய்வந்தும் மூளைக்குச் செய்தி எட்டாததால் அவர்களுக்கு மூச்சுத் திணறுகிறது, மூக்கு வறண்டு எரிகிறது, தூக்கம் கெடுகிறது.

டர்பினேட் குறைத்த எல்லோருக்கும் இது வருவதில்லை, வருவது அரிது. நிறைய அகற்றப்பட்டும் எந்தத் தொல்லையும் இல்லாதவர்கள் உண்டு. அதனால் இதை மனக் கோளாறு என்று ஒதுக்கிய மருத்துவர்களும் உண்டு. இப்போது ஆறு கேள்விகள் கொண்ட ஒரு மதிப்பீட்டுத் தாளும், பஞ்சுச் சோதனையும் பயன்படுகின்றன. டர்பினேட் இருந்த இடத்தில் ஈரப் பஞ்சை அரை மணி நேரம் வைத்துப் பார்ப்பார்கள். வழி குறுகிய பின்பும் மூச்சு நன்றாக இருப்பதாக நோயாளி சொன்னால் சந்தேகம் வலுப்படும். உப்புநீர், ஈரப்படுத்தும் ஜெல், அறையில் ஈரப்பதம் கூட்டும் கருவி ஆகியவை முதல் படி. அடங்காவிட்டால், ஊசி மருந்தாலோ குருத்தெலும்பாலோ அந்த இடத்தை மேடாக்கும் சிகிச்சை உண்டு. இதையெல்லாம்விட முக்கியமானது, முதல் அறுவையின்போது டர்பினேட்டை முழுதாக எடுக்காமல் சுருக்கி மட்டும் விடுவது. அறுவைக்கு முன் நோயாளி கேட்கத்தக்க மிக நல்ல கேள்வி, "டர்பினேட்டில் எவ்வளவு எடுப்பீர்கள், எவ்வளவு விடுவீர்கள்?" என்பதே.

இந்தத் துன்பத்துடன் மனச்சோர்வும் பதற்றமும் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கின்றன. 2013 அக்டோபரில் சீனாவின் வென்லிங் நகரில், மூக்கு அறுவைக்குப் பிறகு மூச்சு விட முடியவில்லை என்று நெடுநாள் முறையிட்டு வந்த ஒருவர், மருத்துவமனைக்குள் புகுந்து ஒரு மருத்துவரைக் கத்தியால் குத்திக் கொன்றார். அந்தக் கொடுமைக்கு எந்த நியாயமும் இல்லை. ஆனால், ஸ்கேன் சரியாக இருக்கிறது என்ற பதிலோடு ஒரு நோயாளியை அனுப்பிவிடுவது சிகிச்சை ஆகாது. மூக்குக்கு மருத்துவம் பார்க்கும் அதே வேளையில் மனநல மருத்துவரையும் பார்க்கச் சொன்னால், நோய் பொய் என்று அர்த்தமல்ல. மூக்கில் தொடங்கிய நோய் தூக்கத்தையும் மனத்தையும் தொட்டுவிட்டது என்று மட்டுமே பொருள்.

வடிவம் ஏமாற்றும்போது

ரைனோபிளாஸ்டி ஆனவர்கள், மூக்கின் மேல் தாங்கலாக வைத்த ஸ்பிளின்ட்டை எடுத்த அன்று கண்ணாடியில் பார்ப்பது அவர்களுடைய புதிய மூக்கை அல்ல, வீக்கத்தை. வீக்கத்தின் பெரும்பகுதி முதல் சில மாதங்களில் வடியும். நுனி வடிவதற்கு ஓராண்டு ஆகும். தோல் தடித்தவர்களுக்கு அதற்கு மேலும் ஆகலாம். முதல் வாரங்களில் அழுகையும் வருத்தமும் வருவது மிகவும் சாதாரணம். ஒரு பக்கம் மேடாக, மறுபக்கம் தாழ்வாகத் தெரிவதில் பாதி தானாகச் சமன்படும். மாதம் ஒருமுறை, ஒரே வெளிச்சத்தில், ஒரே கோணத்தில் படம் எடுத்து வைத்தால் மாற்றம் கண்ணுக்குத் தெரியும். தினமும் செல்ஃபி எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பது வேதனையைத்தான் வளர்க்கும். கைபேசியை முகத்துக்கு அருகில் பிடித்தால் மூக்கு உள்ளதைவிடப் பெரிதாகவே விழும்.

மறு அறுவை தேவைப்பட்டாலும் ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்பதில் மருத்துவர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. தழும்புத் திசு இளகாமல் மீண்டும் திறந்தால் ரத்த ஓட்டம் கெடும், முடிவும் கணிக்க முடியாததாகும். நடுச்சுவரில் குருத்தெலும்பு மீதி இல்லாதபோது காதிலிருந்தோ விலா எலும்பிலிருந்தோ எடுப்பார்கள். காத்திருக்கப் பொறுமையில்லாமல், பள்ளத்தை ஊசி மருந்தால் நிரப்பிக்கொள்ளச் சிலர் அழகு நிலையங்களுக்குப் போகிறார்கள். இது மிகவும் ஆபத்தானது. அறுவையால் ரத்தக் குழாய்கள் இடம் மாறியிருக்கும் மூக்கில், அந்த மருந்து குழாய்க்குள் நுழைந்தால் தோல் அழுகலாம், கண் பார்வை போகலாம்.

மூக்கைத் திருத்தி அமைப்பது இன்றைய மருத்துவம் கண்டுபிடித்த ஒன்றல்ல. அறுபட்ட மூக்கை மறுபடி உருவாக்கும் முறையைச் சொல்லும் சுஸ்ருத சம்ஹிதை, மூச்சு தடைபடாமல் இருக்க இரண்டு சிறு குழல்களை நாசித் துளைகளில் வைக்கச் சொல்கிறது. ஒட்டிய மூக்கு குறைவாக இருந்தால் வளர்க்கவும், சதை மிகுந்திருந்தால் மீண்டும் அளவாக்கவும் சொல்கிறது. 1794-இல் லண்டன் ஜென்டில்மேன்ஸ் மேகசினில், புனே அருகே நெற்றித் தோலைக் கொண்டு ஒரு மாட்டு வண்டியோட்டிக்கு மூக்கு அமைத்த செய்தி வந்தது. ஜோசப் கார்ப்யூ என்ற ஆங்கில மருத்துவர் அதைப் படித்து, இருபது ஆண்டுகள் கழித்து லண்டனில் செய்துபார்த்தார். ஒரே தடவையில் முழுமை வந்துவிடும் என்று அந்தப் பழைய மருத்துவர்களும் உறுதி தரவில்லை.

ஒவ்வொரு சிக்கலும் மருத்துவரின் பிழை அல்ல. கவனமாகச் செய்த அறுவையிலும் ரத்தம் தேங்கலாம், ஒட்டுதல் ஏற்படலாம். இவை வரக்கூடும் என்று முன்பே சொல்லி ஒப்புதல் வாங்கினாரா, வந்தபின் காலத்தோடு பார்த்தாரா என்பதே கேட்க வேண்டியது. முதலில் அறுவை செய்தவரிடமே போவது நல்லது. உள்ளே என்ன செய்யப்பட்டது என்று அவருக்குத்தான் தெரியும். அவர் பதிலில் நிறைவில்லை என்றால், இன்னொரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கருத்துக் கேட்பது நோயாளியின் உரிமை. அப்போது அறுவைக் குறிப்பு, அறுவைக்கு முன் எடுத்த ஸ்கேன், டிஸ்சார்ஜ் தாள் மூன்றும் கையில் இருக்க வேண்டும். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, நோயாளி கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தந்தாக வேண்டும். கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்தின் கீழ் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் சாந்தா வழக்கில் தீர்ப்பளித்தது. அலட்சியம் நேர்ந்ததாகக் கருதினால், வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் முறையிட வேண்டும்.